பண்டையாவுக்கு ஏழு வயது

பாண்டிய நாட்டைப் பெண்கள் ஆண்டார்கள், இதைக் கிரேக்கர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மகளிர் தினக் கூட்டங்களில் பேசக் கேட்டிருப்பீர்கள். பேசுகிறவர் ஆணாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார். கைதட்டல் நிச்சயம். புதுக்கோட்டையில் பெண்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு மாணவியாவது இந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "உண்மைதானா மேடம்?" என்று நிற்பாள். எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். எழுதியதை முழுவதும் படித்தால் கை தட்ட வராது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியரான பிளினி, இந்தியாவில் பெண்களால் ஆளப்படும் ஒரே இனம் 'பண்டே' என்கிறார். ஹெராக்ளிஸ் தன் ஒரே மகள் மீது கொண்ட பிரியத்தால் அவளுக்குச் சிறந்ததொரு நாட்டைக் கொடுத்தானாம். அவள் வழிவந்தவர்கள் 300 ஊர்களை ஆள்கிறார்களாம். 1,50,000 காலாட்கள், 500 யானைகளாம். மேடைக்கு வருவது இந்தப் பகுதி மட்டும்தான். இதற்கு முன்னும் பின்னும் உள்ளதை அர்ரியன் எழுதியிருக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாளர் அவர்; பெயரைப் பார்த்து வேறு விவாதத்துக்குள் போய்விட வேண்டாம். மெகஸ்தனிஸ் சொன்னதாகவே அவர் இக்கதையைத் தருகிறார். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதிய 'இண்டிகா' அழிந்துவிட்டது. பிறர் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம்.

அர்ரியன் தரும் கதை இது. இந்தியாவுக்கு வந்த ஹெராக்ளிஸுக்குப் பல மனைவியர், ஏராளமான மகன்கள், ஒரே மகள். அவள் பெயர் பண்டையா. அவள் பிறந்த நாட்டையே அவள் ஆளத் தந்தான். அந்த நாட்டுக்கு அவள் பெயரே ஆயிற்று. 500 யானைகள், 4,000 குதிரை வீரர்கள், 1,30,000 காலாட்கள் கொடுத்தான். கடல்களையெல்லாம் சுற்றியபோது முத்து என்ற புது அணியைக் கண்டு, மகளுக்குச் சூட்டுவதற்காகச் சேகரித்தான். இதுவரை எல்லாம் சரி. பிறகு தன் முடிவு நெருங்குவதை உணர்ந்தான். மகளுக்கு வயது ஏழு. தனக்கு நிகரான மாப்பிள்ளை எவனும் அகப்படவில்லை. எனவே தன் இரத்தத்திலிருந்தே இந்தியர்களுக்கு அரசர்கள் பிறக்க வேண்டும் என்று, தானே அவளைச் சேர்ந்தான். அதனால்தான் அந்த நாட்டில் பெண்கள் ஏழு வயதிலேயே மணத்துக்குத் தகுதி பெற்றுவிடுகிறார்கள் என்று கதை முடிகிறது.

அர்ரியனுக்கே இந்தக் கதையில் ஒரு குறை தெரிந்திருக்கிறது. இவ்வளவு அற்புதம் செய்ய முடிந்த ஹெராக்ளிஸ், தன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, மகள் பருவம் எய்தும்வரை காத்திருந்திருக்கலாமே என்கிறார். அவ்வளவுதான். தகப்பன் மகளிடம் இப்படி நடக்கலாமா என்பது அவர் கேள்வி அல்ல. அவருக்கு இடித்தது கணக்கு. பண்டையா என்ன சொன்னாள் என்று கதையில் ஒரு சொல் இல்லை. 500 யானைகளுக்கு அரசியான அவள் செய்த ஒரு காரியமும் சொல்லப்படவில்லை. அவள் பெற்றாள், பிள்ளைகள் அரசர்கள் ஆனார்கள்.

இதைத்தான் பெருமை என்று நம்மிடம் கொடுக்கிறார்கள். வகுப்பில் முழுக்கதையையும் சொல்லி முடித்தால் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு யாராவது ஒருத்தி, "அப்போ அவங்க ஏன் பொண்ணு ஆண்டான்னு சொன்னாங்க?" என்பாள். அதற்குப் பதில் மதுரையில் இல்லை. ஏதென்ஸுக்குப் போக வேண்டும்.

ஏதென்ஸ் நகரத்துக்கு அந்தப் பெயர் வந்ததைப் பற்றி ஒரு தொன்மம் உண்டு. ரோமானிய அறிஞர் வாரோ சொன்னதாக, புனித அகஸ்டின் தன் 'கடவுளின் நகரம்' நூலில் எடுத்து எழுதியிருக்கிறார். கெக்ரோப்ஸ் அரசனாக இருந்த காலத்தில் ஊரில் ஓரிடத்தில் திடீரென்று ஆலிவ் மரம் முளைத்தது. இன்னோரிடத்தில் நீர் பீறிட்டது. டெல்பியில் குறி கேட்டார்கள். ஆலிவ் என்றால் அதீனா, நீர் என்றால் பொசைடன். யார் பெயரை நகரத்துக்கு வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பதில் வந்தது. கெக்ரோப்ஸ் ஊரைக் கூட்டினான். ஆண்களும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். அக்காலத்தில் பொதுக்காரியங்களில் பெண்களும் வாக்களிப்பது வழக்கம் என்று கதையே சொல்கிறது. ஆண்கள் எல்லாரும் பொசைடனுக்கு, பெண்கள் எல்லாரும் அதீனாவுக்கு. பெண்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். அதீனா வென்றாள்.

தோற்ற பொசைடன் கோபத்தில் கடலைப் பொங்கவிட்டு நிலத்தை அழித்தான். அவனைச் சாந்தப்படுத்தப் பெண்களுக்கு மூன்று தண்டனைகள் விதித்தார்கள். இனி அவர்களுக்கு வாக்கு கிடையாது. இனி எந்தப் பிள்ளையும் தாயின் பெயரைத் தாங்காது. இனி யாரும் அவர்களை 'ஏதென்ஸ்காரிகள்' என்று அழைக்கக் கூடாது. அகஸ்டின் பெண்ணியவாதி அல்ல. அவருக்கே பொறுக்காமல், தனக்கு வாக்களித்தவர்களை அதீனா கைவிட்டாளே என்று கேட்கிறார். அதீனா எப்படிப் பிறந்தவள் என்பதை நினைத்தால் வியப்பில்லை. தாய் மெட்டிஸைத் தகப்பன் சியூஸ் விழுங்கிவிட, தகப்பனின் தலையிலிருந்து போர்க்கவசத்தோடு வெளிவந்தவள் அவள்.

1861இல் பாகோஃபன் 'தாயுரிமை' என்ற தன் நூலில் இக்கதையைத் தாய்வழிச் சமூகம் ஒன்று இருந்ததன் நினைவாகப் படித்தார். தாய்வழிச் சமூகம் பற்றி எங்கெல்ஸ் வழியாகத் தமிழில் படித்தவர்கள் பாகோஃபன் பெயரை அங்கே பார்த்திருப்பார்கள். என் வாசிப்பு வேறு. தொன்மம் நடந்ததைச் சொல்கிறதோ இல்லையோ, நடந்துகொண்டிருப்பதற்கு நியாயம் சொல்கிறது. ஏதென்ஸ் மக்களவையில் ஏன் பெண்கள் இல்லை என்று ஒரு சிறுமி கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும். ஒரு காலத்தில் இருந்தார்கள், அவர்கள் வாக்களித்ததால் வெள்ளம் வந்தது என்பது நல்ல பதில். வாயை அடைக்கும்.

இரண்டாவது தண்டனையை வகுப்பில் சொல்லும்போது வருகைப் பதிவேட்டை ஒருமுறை பார்ப்பேன். தாயின் பெயரையும் முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளலாம் என்று தமிழக அரசின் ஆணை இருக்கிறது. பதிவேட்டில் அப்படி ஒரு பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தொன்மத்தை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். மக்களாட்சியின் தொட்டில் என்று பாடநூல்கள் சொல்லும் ஏதென்ஸில், குன்றின் மேல் கூடிய மக்களவையில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் மகனுக்குக் குடியுரிமை. குடியுரிமையைக் கொடுக்கத் தாய் வேண்டும். தாய்க்கு அது கிடையாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் 'கூரியோஸ்' என்றொரு ஆண் பொறுப்பாளர் இருந்தார். முதலில் தகப்பன், பிறகு கணவன், அவனும் இல்லாவிட்டால் மகன். ஒரு மெடிம்னோஸ் வாற்கோதுமைக்கு, அதாவது சுமார் ஐம்பது லிட்டர் அளவுக்கு மேல் மதிப்புள்ள எந்த ஒப்பந்தத்தையும் அவள் தானாகச் செய்துகொள்ள முடியாது. வசதியான வீட்டுப் பெண்கள் உள்ளறையில் நூல் நூற்று, தறி நெய்தார்கள். ஏழைப் பெண்கள் சந்தையில் ரொட்டியும் காய்கறியும் நாடாவும் விற்றார்கள். உள்ளே அடைந்து கிடப்பது மரியாதை என்றால் அந்த மரியாதை கட்டுப்படியாகாத பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சகோதரன் இல்லாத பெண்ணின் நிலைமைதான் எனக்கு அதிகம் உறைத்தது. அவளை 'எபிக்ளெரோஸ்' என்றார்கள். சொத்தோடு ஒட்டியவள் என்று பொருள் கொள்ளலாம். தகப்பன் இறந்தால் நிலம் அவளுக்குச் சொந்தமாவதில்லை. அவள் வழியாக அவள் பெறும் மகனுக்குப் போகும். நிலம் குடும்பத்தை விட்டு வெளியே போகாதிருக்க, தகப்பனின் நெருங்கிய ஆண் உறவினன் அவளை மணக்க உரிமை கோரலாம். வரிசையில் முதலில் நிற்பவர் சித்தப்பாவோ பெரியப்பாவோ. இதைச் சொன்னால் மாணவிகள் முகத்தைச் சுளிப்பார்கள். நம் ஊரில் அது தாய்மாமன் என்று நினைவுபடுத்தினால் சுளிப்பு மறைந்து அமைதியாகிவிடுவார்கள். முறைமாமன் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். என்னிடம் படித்த ஒருத்தி இரண்டாம் ஆண்டோடு நின்றாள். கிணற்றோடு இருந்த இரண்டு ஏக்கர் வெளியே போய்விடக் கூடாதாம்.

இப்படிப்பட்ட நகரத்தில் 'பெண்கள் ஆள்கிறார்கள்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? ஸ்பார்ட்டாவில் பெண்கள் நிலம் வைத்திருந்தார்கள். நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். பாராட்டாக அல்ல. ஸ்பார்ட்டா சரிந்ததற்குரிய காரணங்களில் ஒன்றாக. அமேசான்கள் என்ற பெண் வீரர்களைக் கிரேக்கர் கற்பனை செய்தார்கள்; செய்துவிட்டு, அவர்களை வெல்வதையே பார்த்தினன் கோயிலின் மேற்குப் பக்கத்தில் செதுக்கினார்கள். அமேசான் அரசியின் இடைக்கச்சையைப் பறித்து வந்தவன் யார் தெரியுமா? இதே ஹெராக்ளிஸ்தான். கி.மு. 390களின் இறுதியில் அரிஸ்டோஃபனிஸ் ஒரு நாடகம் போட்டார்: பெண்கள் ஒட்டுத்தாடி வைத்து, கணவன்மார் உடையில் மக்களவைக்குப் போய் ஆட்சியைத் தங்களிடம் ஒப்படைக்கத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். அது நகைச்சுவை நாடகம். நினைத்தாலே சிரிப்பு வரும் அளவுக்கு நடக்க முடியாத காரியம் என்பதால்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி என்று 2016இல் சட்டம் வந்தது. ஒட்டுத்தாடி தேவைப்படவில்லை. ஆனால் ஊராட்சித் தலைவியைப் பார்க்கப் போனால் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் சில ஊர்களில் இன்னமும் தலைவியின் வீட்டுக்காரர்தான். கூரியோஸ் என்ற சொல்லை மொழிபெயர்க்க எனக்குச் சிரமமே இருந்ததில்லை. எல்லா ஊரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்தோடு முடிவையும் தானே போடுகிற தலைவிகளை இந்த மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆக, கிரேக்கரின் உலகப் படத்தில் பெண் ஆளும் நாடு என்பது விளிம்பில் இருப்பது. அங்கே ஆண்கள் நாற்பது வயதைத் தாண்டுவதில்லை, பெண்கள் ஏழு வயதில் மணமுடிக்கிறார்கள், எல்லாம் தலைகீழ். மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தில் கேட்டதும் அவர் மனதில் ஏற்கெனவே இருந்ததும் கலந்து பண்டையா ஆனாள்.

நம்முடைய கதை எப்படி? தடாதகைப் பிராட்டியை எல்லாருக்கும் தெரியும். மலையத்துவச பாண்டியன் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வியில் மூன்று வயதுக் குழந்தையாகத் தோன்றினாள், மூன்று முலைகள். அவளையே முடிசூட்டினார்கள். திசையெல்லாம் வென்றாள். கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாவது முலை மறைந்தது, போர் நின்றது, திருமணம் நடந்தது, சுந்தரபாண்டியன் அரியணை ஏறினான். பண்டையாவும் தடாதகையும் ஒருத்திதான் என்று எழுதியவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இடையில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. தடாதகை போருக்காவது போனாள். ஆனால் இரண்டு கதையிலும் பெண்ணின் ஆட்சி, சரியான ஆண் கிடைக்கும்வரை நடக்கும் இடைக்கால ஏற்பாடு.

சங்கப் பாடல்களில் பாண்டிய அரசி எப்படி இருக்கிறாள் என்று தேடினேன். நெடுநல்வாடையில் இருக்கிறாள். கணவன் போர்ப்பாசறையில், அவள் கட்டிலில் கண்ணீரோடு. முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது அது இல்லை. ஹெராக்ளிஸ் கடலெல்லாம் தேடி மகளுக்குக் கொண்டுவந்த முத்து நினைவுக்கு வருகிறது. அந்த முத்தை யார் எடுத்தார்கள் என்பதைக் கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளஸ்' சொல்கிறது: கொற்கையில் பாண்டியனுக்காக முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். இன்னொரு அரசி பெருங்கோப்பெண்டு, பூதப்பாண்டியனின் மனைவி. அவள் புலவர்; ஆனால் அந்தப் பெயரே பெயரல்ல, பட்டம். புறநானூற்றில் அவள் பாட்டு ஒன்றே ஒன்று. கணவனின் சிதையில் ஏறப் போகிறவளைத் தடுக்கும் சான்றோரிடம், விலகுங்கள் என்று சொல்லும் பாட்டு. பாண்டிய அரசி ஒருத்தி தன் குரலில் பேசி நமக்குக் கிடைத்திருப்பது அந்தச் சிதையருகில் நின்றுதான்.

நெடுநல்வாடையின் அரண்மனையில் இன்னொரு பெண்ணும் நிற்கிறாள். யவனர் செய்த பாவை விளக்கு. கையில் அகல் ஏந்திய பெண் உருவம். அதில் நெய்யூற்றித் திரி எரிகிறது. அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்த 'யவனர்' என்ற சொல்லைத் தமிழர் முதலில் கிரேக்கருக்கும் பிறகு ரோமானியருக்கும் சேர்த்தே வழங்கினார்கள். காசு ரோமாபுரியின் காசு. கப்பலில் பேசிய மொழி பெரும்பாலும் கிரேக்கம். முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றி எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தமும் கிரேக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மாப்பொல்லோன்.

யவனர் வரவை நாம் மிளகும் பொன்னுமாக மட்டும் கணக்கிடப் பழகிவிட்டோம். பெரிப்ளஸ் தரும் பட்டியலில், இன்றைய பரூச் துறைமுகத்தில் அங்குள்ள அரசனுக்காக இறக்கப்பட்டவற்றில் வெள்ளிப் பாத்திரங்களும் நல்ல மதுவும் பாடும் சிறுவர்களும் இருக்கின்றன. அந்தப்புரத்துக்கான அழகிய இளம்பெண்களும் இருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தில், சரக்கோடு சரக்காக. அது தமிழ்த் துறைமுகம் அல்ல. நம் பக்கம் புறநானூற்றில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த பெண்கள் ஊற்றித் தர நாளும் மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். மது யவனருடையது, ஊற்றும் கை நம்முடையது. அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.

வரலாறு தொலைவில் நடப்பது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் எண்ணம். ஏதென்ஸ், மதுரை, முசிறி என்று எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகப் பழைய நூல்கள் சொல்லும் வெள்ளாறு நம் மாவட்டத்தின் வழியாக ஓடுகிறது என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்வார்கள். பண்டையாவின் வயதைப் பற்றிப் பேசும்போது, 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்து, இங்குள்ள மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானதையும், பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே வாதாடியதையும் சேர்த்தே சொல்வேன். 1929இல் சாரதா சட்டம் அந்த வயதை 14 ஆக்கியது. அதற்கே சாஸ்திரம் கெட்டுவிடும் என்று பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள்.

பிறகு கருக்காக்குறிச்சிக்கு வருவேன். ஆலங்குடிப் பக்கத்து ஊர். 1898இல் அங்கே ஒரு புதையல் கிடைத்தது: 501 பொற்காசுகள், அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையிலான ரோமானியக் காசுகள். பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணய அறிஞர் ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். இந்தக் காசுகளின் விசேஷம், பெரும்பாலானவற்றில் அரசன் தலைமீது உளியால் வெட்டியது போன்ற கோடு இருப்பது. செல்லாக் காசாக்கி வெறும் பொன்னாகப் புழங்க விடுவதற்காக வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து; வேற்றரசன் முகம் இங்கே செல்லாது என்று காட்டுவதற்காக என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது பிடிக்கும். முதலாவதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் டைபீரியஸ் காசுகளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஆலிவ் கிளை. அமைதியின் தெய்வம் என்பார்கள். டைபீரியஸின் தாய் லிவியா என்பவர்களும் உண்டு. சுற்றிலும் எழுதியிருப்பது டைபீரியஸ் வகித்த தலைமைப் பூசாரிப் பதவியின் பெயர். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. உளி விழுந்தது மறுபக்கத்தில், அரசன் தலைமேல்.